ஓர்பாவின் காலுக்குத் தெரிந்த ஆமை

ஓர்பா ஹெனுக்கின் காலுக்குக் கண் இருக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கிண்டலாகச் சொன்னாலும் அதில் பொய் கிடையாது. நெல்வயலில் களை எடுக்கும்போது மற்றப் பெண்கள் குனிந்து கையால் துழாவுவார்கள். ஓர்பா முழங்கால் சேற்றில் நிமிர்ந்தபடி நடந்துபோவாள். பாதத்தில் பட்டதையெல்லாம் வாய் சொல்லிக்கொண்டே வரும். "இது வேரு. இது நத்தை. இது போன வருசம் எம் மக மெர்த்தி தொலைச்ச கரண்டி." கையை விட்டு எடுத்தால் கரண்டிதான் வரும்.

கல்லும் ஆமையும் சேற்றுக்குள் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டும் உருண்டை, இரண்டும் வழவழப்பு. ஆனால் எங்கள் பாம்புக்கழுத்து ஆமைக்கு மற்ற ஆமைகள்போலத் தலையை நேராக உள்ளே இழுத்துக்கொள்ள வராது. முதுகு ஓடு எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் கழுத்து. கால் பட்டதும் அதைப் பக்கவாட்டில் மடக்கி ஓட்டின் விளிம்புக்கடியில் செருகிக்கொள்ளும். அப்போது ஓடு ஒரு நெல்மணி அளவு அசையும். அந்த அசைவு ஓர்பாவின் உள்ளங்காலுக்குத் தெரியும். கல் அசையாது. வித்தை அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அந்த ஆமையை யாரும் சட்டை செய்ததில்லை. யாரும் தின்பதில்லை. பிடித்தால் கையில் ஒரு நாற்றம் ஏறும், சாம்பல் போட்டுக் கழுவினாலும் இரண்டு நாள் போகாது. மழைக்காலத்தில் ஏரியிலிருந்து வயலுக்கு வரும், தலைப்பிரட்டையும் குஞ்சு மீனும் தின்னும், வெயில் காலத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அதன்பாட்டுக்கு அது, எங்கள்பாட்டுக்கு நாங்கள் என்று இருந்தோம்.

ஹெங்கி என்கிற வியாபாரி கூப்பாங் பட்டணத்திலிருந்து கப்பலேறி எங்கள் ரோட்டே தீவுக்கு வந்தது, ஓர்பாவின் மகள் மெர்த்தி பிறந்த வருசம். ஓர்பா வெற்றிலைத் தட்டை நீட்டியபோது பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினான்.

"இது உங்க வயல்ல இருக்காமே?"

"இருக்கு. அதுக்கு என்ன இப்போ?"

"இந்தத் தீவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாதாம். வெளிநாட்டுக்காரங்க கண்ணாடித் தொட்டியில விட்டு வேடிக்கை பாக்குறாங்க."

"அடப் பாவமே, அங்கல்லாம் அவ்வளவு பேருக்கா வேலை இல்ல?" என்றாள் ஓர்பா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முதல் ஆமைக்கு அவன் கொடுத்த காசில் ஒரு மூட்டை அரிசி வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஊரே ஏரியில் இறங்கியது. ஆண்கள் வலையோடும் தூண்டிலோடும் திண்டாடிக்கொண்டிருக்க, ஓர்பா பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு சும்மா நடந்துபோய் ஈரச்சாக்கை நிரப்பிக்கொண்டு வருவாள். பனையேறியான அவள் புருசன் பிலிமோன் அந்த வருசங்களில் மரத்தடியில் நின்று, "என் பொண்டாட்டி தரையில நடந்து சம்பாதிக்கிறதை நான் உசிரைக் கொடுத்து ஏறினாலும் சம்பாதிக்க முடியல" என்று பெருமை பேசுவான். ஓலைக் கூரை தகரக் கூரை ஆயிற்று. சினை ஆமைக்கு ஹெங்கி கூடுதலாகக் கொடுத்தான். பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் குழியில் விரலை வைத்தால் உள்ளே முட்டை உருளுவது தெரியும். ஓர்பா அப்படித் தடவிப் பார்த்து, சினையானதைத் தனிச் சாக்கில் போடுவாள். பிற்காலத்தில் அவளை அதிகமாக அரித்தது அந்தத் தனிச் சாக்குதான்.

மெர்த்தி ஆறாம் வகுப்புக்குப் போனபோது ஏரியில் ஆமை இல்லை. ஹெங்கி கடைசியாக வந்து மூன்று நாள் தங்கினான். மூன்றாம் நாள் ஓர்பா ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குட்டி. அதையும் வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

எங்கள் பக்கம் வயலுக்கும் ஏரிக்கும் பாபாடாக் என்ற ஊர்க் கட்டுப்பாடு உண்டு. ஒருத்தன் எருமை இன்னொருத்தன் வயலில் இறங்கினாலும், பிறத்தியான் பனையில் ஏறினாலும் அபராதம். வயல்காவலர்கள் வந்து விசாரிப்பார்கள், பன்றியோ அரிசியோ கட்டவேண்டும், அதைச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிட்டால் அத்தோடு வழக்குத் தீரும், பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பல வருசம் கழித்து அதில் ஆமையையும் சேர்த்தார்கள். பிடித்தாலோ விற்றாலோ துன்புறுத்தினாலோ ஒரு பன்றி, ஒரு மூட்டை அரிசி. பிடிப்பதற்கு ஆமையே இல்லாத காலத்தில் போட்ட கட்டுப்பாடு. அதை ஞாயிறு ஜெபத்தின்போது கோயிலில் எழுந்து வாசித்தவன் வயல்காவலர்களின் தலைவன் நிக்கோ, ஓர்பாவின் கூடப்பிறந்த அண்ணன். வாசிக்கும்போது அவன் தங்கை இருந்த பக்கம் பார்க்கவில்லை. அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாஹ்யு அதற்குப் பிறகுதான் வந்தார். ஜாவாக்காரர், மிருக வைத்தியம் படித்தவர், நாற்பது வயதுக்குள் தலை பாதி வழுக்கை. குன்றடியில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, மேலே வலை போட்டு, ஆமை வளர்க்கும் பண்ணை ஒன்றை நடத்த அனுப்பியிருந்தார்கள். ஏரியில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஆள் கேட்டபோது எல்லோரும் ஓர்பாவைக் கை காட்டினார்கள். அவள் மூன்று மாதம் ஏரி முழுக்க நடந்தாள். கல், வேர், நத்தை, ஒரு சைக்கிள் சக்கரம். வாஹ்யு கரையில் நோட்டும் கையுமாக நின்று, நாள் முடிவில் ஒரு பூஜ்யம் போடுவார்.

"ஒண்ணு கிடைச்சாலும் நேரா பண்ணைக்குக் கொண்டாந்துருங்க ஓர்பாம்மா. வெளிய விட்டா பன்னி தின்னுடும், இல்ல எவனாவது வித்துடுவான். காட்டு ஆமையோட ரத்தம் ஒரு துளி சேர்ந்தாப் போதும், பண்ணை வம்சமே தேறிடும்."

பண்ணைக்கு ஆமை வந்தது வானத்திலிருந்து. வெளிநாட்டில் தொட்டியில் வளர்ந்தவை, மரப்பெட்டியில் ஈரப் பஞ்சு வைத்து விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். முதல் பெட்டியைத் திறந்ததும் ஒரு கழுத்து மெல்ல நீண்டு வெளியே வந்தது. மோவாயில் மணிபோலத் தொங்கும் இரண்டு சின்னத் தசைத் துணுக்கு, கண்ணைச் சுற்றி வெளிர்வளையம். ஓர்பா இருபது வருசம் கழித்துப் பார்க்கிறாள். அவள் தன்னையறியாமல் விரலை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"எல்லாம் உங்க ஊர்ல பிடிச்சதோட பேரப்பிள்ளைங்கதான்மா" என்றார் வாஹ்யு சிரித்துக்கொண்டு. அவருக்கு அவள் பழைய கதை முழுக்கத் தெரியாது. ஓர்பா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் பண்ணைக்காரி. காலையில் சின்ன மீனும் இறாலும் நறுக்கிப் போடுவாள். பண்ணை ஆமைகளுக்கு அவள் செருப்புச் சத்தம் தெரியும், கேட்டதும் கழுத்துகள் எல்லாம் அந்தப் பக்கம் நீளும். அதைப் பார்த்து அவளுக்குக் கோபம்தான் வரும். "வெக்கங்கெட்டதுங்களா, நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? என்னைக் கண்டா ஓடணும்டா" என்று திட்டுவாள். ஆனால் இரை எடுக்கும் விதத்தை அவை மறக்கவில்லை. அசையாமல் கிடந்து, மீன் பக்கத்தில் வந்ததும் கழுத்து சுண்டி வாய் திறக்கும், தண்ணீரோடு மீன் உள்ளே போய்விடும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

முட்டை இடுவதையும் அவள் அங்கேதான் முழுதாகப் பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த விடியலில் பெட்டை தண்ணீரை விட்டு ஏறும். மேடான, தண்ணீர் தேங்காத, பொலபொலவென்ற மண்ணாகத் தேடி அலையும். பின்னங்காலாலேயே குழி தோண்டி, பத்துப் பன்னிரண்டு வெள்ளை முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தன் அடிவயிற்றால் தட்டித் தட்டிச் சமன்படுத்தும். போனபிறகு நாம் பார்த்தால் ஒரு அடையாளமும் இருக்காது. வாஹ்யு அந்த முட்டைகளைத் தோண்டி எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, அது புரளாமல் அடைகாக்கும் பெட்டியில் வைப்பார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் குஞ்சு வரும். முதல் முறை ஓர்பா கோழி முட்டைபோல ஒன்றைத் திருப்பி வைக்கப் போக, அவர் "அய்யோ" என்று கத்தியே விட்டார். புரட்டினால் உள்ளே இருப்பது செத்துப்போகுமாம்.

நான்கு வருசம் இப்படிப் போனது. ஐந்தாம் வருசம் மழை முடிகிற நேரம், ஒரு காலை அவள் தன் வயல் வரப்பில் தடம் ஒன்றைப் பார்த்தாள். நடுவில் வயிறு இழுபட்ட வழி, இரண்டு பக்கமும் நகம் கீறிய புள்ளிகள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பண்ணை ஆமை எதையும் அதுவரை வெளியே விட்டதில்லை. அப்படியென்றால் இது அவள் சாக்குக்குத் தப்பியது.

மூன்றாம் நாள் நெற்பயிருக்கு நடுவே அவள் பாதத்தின் கீழே அந்த நெல்மணி அசைவு வந்தது. அவள் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். வயசான பெட்டை. ஓட்டில் பழைய வெட்டு ஒன்று, யாரோ எப்போதோ மண்வெட்டி போட்ட வடு. பின்னங்கால் குழியில் விரல் வைத்தாள். உள்ளே முட்டை உருண்டது.

வாஹ்யு சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. பண்ணை அரைமணி நடை. ஆனால் அவள் அதை அதே இடத்தில் சேற்றில் இறக்கி விட்டாள்.

வீட்டுக்கு வந்து பிலிமோனிடம் மட்டும் சொன்னாள். அவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நிசமாவா? வாஹ்யு ஐயாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மெர்த்தி அப்பா."

"ஏன்டி? அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"நான் இதுவரைக்கும் தூக்கினதையெல்லாம் எதுலயோ போட்டு அடைச்சேன். சாக்கு இல்லாட்டித் தொட்டி. இது ஒண்ணாவது அது இஷ்டத்துக்கு முட்டை இடட்டும், குஞ்சு அது இஷ்டத்துக்கு ஏரிக்குப் போகட்டும். பன்னிகிட்டருந்து நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ, சரி. ஆமை உன்னைப் பாத்துப் பயப்படாம இருக்கணுமே" என்று பிலிமோன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் சொல்லாமல் விட்டதில் பாதி இரக்கம், பாதி திமிர். இந்த ஒன்றை நான்தான் காப்பாற்றினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டாள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் அந்த ஆசை வரவேண்டிய வேறு பலருக்கு அது வரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மழை பெய்து விட்ட ஒரு விடியலில் தடம் வயலை விட்டு ஏறி, பாதையைத் தாண்டி, அவள் வீட்டை நோக்கி வந்திருந்தது. முன்பெல்லாம் ஆமை வரப்பில்தான் முட்டை இடும். இப்போது வரப்பெல்லாம் எருமை மிதித்து இறுகிவிட்டது, வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசியாயிற்று. வீட்டு வாசலிலோ வெறும் பவளப்பாறை. அங்கே தடம் மறைந்துவிட்டது. மறுநாள் வயலில் பெட்டையைத் தேடித் தூக்கிப் பார்த்தாள். வயிறு காலி.

அவள் வாழையடியில் தேடினாள். முருங்கை அடியில், மிளகாய்ப் பாத்தியில், கொல்லையில் இருக்கும் மாமனார் கல்லறையைச் சுற்றி விரலால் மண்ணைத் தொட்டுத் தொட்டுத் தேடினாள். காலால் நடந்து நடந்தும் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"என்கிட்டருந்தே ஒளிச்சிட்டாளே கெட்டிக்காரி" என்று பிலிமோனிடம் வந்து சொன்னபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. கொல்லையைச் சுற்றி மூங்கில் படல் கட்டி, வீட்டுப் பன்றிகளைக் கொட்டிலில் அடைத்தாள். கோயில் நாட்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டாள். வட்டம் போட்டது போதாதென்று கீழே ஒரு கோடும் போட்டாள்.

அந்த வருசம் அவள் வீட்டில் இன்னொரு சந்தோசமும் இருந்தது. முழங்கால் வலியால் இரண்டு வருசமாகப் பனையேறாத பிலிமோன் மறுபடி ஏறப்போகிறேன் என்றான். எங்கள் தீவில் சோறு இல்லாமல் இருந்துவிடலாம், பனம்பாகு இல்லாமல் இருக்க முடியாது. காலையில் வயலுக்குப் போகிறவன் ஒரு குவளைத் தண்ணீரில் பாகைக் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் போவான். இரண்டு வருசமாக ஓர்பா பாகை அண்டை வீட்டில் வாங்கினாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அதைவிடத் தலைக்குனிவு கிடையாது.

பாகு காய்ச்சும் அடுப்பு வீட்டுக்குப் பின்னால், ஓலைச் சாய்ப்புக்குக் கீழே. தரையில் நீளக்குழி தோண்டி, மேலே களிமண் பூசி, நான்கு பானைக்கு வாய் விட்டது. சுற்றிலும் பல வருசச் சாம்பலும் மண்ணும் கொட்டிக் கொட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு. மே மாதம் முதல் பாளை சீவிய அன்று, பதநீரை நான்கு பானையிலும் ஊற்றி, பிலிமோன் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொல்ல, ஓர்பாதான் தீ மூட்டினாள். வழக்கப்படி அது வீட்டுக்காரியின் உரிமை. இரண்டு வருசமாக ஆறிக்கிடந்த அடுப்பு புகைந்து புகைந்துதான் பற்றியது. அன்று மாலை அண்டை வீட்டுக்கு ஒரு குடுவை பாகு கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு காலையும் மாலையும் ஒரு நாள் தவறாமல் அடுப்பு எரிந்தது.

வட்டமிட்ட ஞாயிற்றுக்குப் பத்து நாள் இருக்கும்போது அடுப்பின் வாயோரம் வெடித்துவிட்டது. பூசுவதற்குச் சாம்பல் மண் வேண்டுமென்று ஓர்பா மேட்டின் ஓரத்தில் கையை விட்டு அள்ளினாள். வெதுவெதுப்பான மண்ணில் விரலில் உருண்டையாக ஒன்று பட்டது.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் வைத்தாள். பதினொன்று. அடுப்பை ஒட்டியிருந்தவை பழுப்பேறிக் கல்லாகியிருந்தன. வெளிப்பக்கம் இருந்த நான்கு மட்டும் வெள்ளையாகவே இருந்தன. அதில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. விரலால் ஓட்டைப் பிரித்தாள். உள்ளே கறுப்பாக, கட்டைவிரல் நகம்போல ஒரு முதுகு. கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கி ஓட்டின் விளிம்புக்குள் செருகிவைத்திருந்தது. அசைவே இல்லை.

பிலிமோன் பதநீரோடு வந்தபோது அவள் அடுப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் முந்தானையைப் பார்த்தான். கலயத்தைக் கீழே வைத்தான்.

"அடுப்புலயா போய் இட்டுச்சு?"

"அடுப்புல இல்ல. மண்ணுல. மேடா, காஞ்சு, பொலபொலன்னு, மழை படாத மண்ணு. ஊர்லயே அதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான்தான் அதை மண்ணுன்னு நெனைக்கவே இல்ல. எல்லா இடமும் தேடினேனே மெர்த்தி அப்பா, மாமா கல்லறையைக்கூடத் தேடினேனே."

"நமக்கு எப்படித் தெரியும்? இந்த ரெண்டு வருசம் போக எந்த வருசத்துல அடுப்பு எரியாம இருந்துச்சு? எரியற அடுப்புப் பக்கம் எந்த ஆமை வரும்?"

"ஆறிக் கிடந்ததாலதான் வந்துச்சு. வரவிட்டுட்டு மூட்டினவ நானு."

அன்றே அவள் ஒரு ஓலைப்பெட்டியில் சாம்பலைப் பரப்பி, முட்டைகளை அதில் வைத்துப் பண்ணைக்கு எடுத்துப்போனாள். வாஹ்யு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்த நான்கையும் பிரித்துப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் அவள் போயிருந்தாள்.

"இந்த ஓரத்துல இருந்தது ரொம்ப நாள் உசிரோட இருந்திருக்கு ஓர்பாம்மா. சூடு மெல்ல ஏறியிருக்கு. முதல்ல அந்தச் சூட்டுக்கு இன்னும் வேகமாக்கூட வளர்ந்திருக்கும். இன்னும் ஒரு வாரம், பத்து நாள்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு, "தாய் எங்க?" என்றார்.

"வயல் காஞ்சப்புறம் காணல தம்பி. ஏரிக்குப் போயிருக்கும். இல்ல எங்கயாவது புதைஞ்சிருக்கும்."

"முதல்ல பாத்தப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவர் குரலை உயர்த்தவில்லை. முட்டைகளைச் சீசாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதப் போய்விட்டார். பதினொன்றும் அவர் பெட்டியில் இருந்திருந்தால் பத்துக்குக் குறையாமல் பொரித்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஓர்பா தொட்டிகளுக்கு மீன் நறுக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கழுத்துகள் அவள் பக்கம் நீண்டதை அன்று அவள் நின்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை வயல்காவலர்கள் நிக்கோவின் வீட்டு ஆலமரத்தடியில் கூடுவார்கள். ஓர்பா தன் வீட்டிலேயே கொழுத்த பன்றியைக் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனாள். பிலிமோன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

"என்ன தங்கச்சி, கல்யாணமா?" என்றான் நிக்கோ.

"அபராதம் கட்ட வந்தேன். ஆமையைத் துன்புறுத்தினா ஒரு பன்னி, ஒரு மூட்டை அரிசி. நீங்க வாசிச்சதுதானே."

அவள் நடந்ததைச் சொன்னாள். காவலர்கள் வெற்றிலையை மென்றபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் எச்சிலைத் துப்பிவிட்டு, "அடுப்பு எரிச்சதுக்கு அபராதம் வாங்கினா, அப்புறம் ஊர்ல ஒரு பன்னி மிஞ்சாது ஆத்தா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தெரிஞ்சு செஞ்சாத்தான் குத்தம்" என்றான் நிக்கோ. "உன் அடுப்பு, உன் வீடு, உன் விறகு. இதுல கட்டுப்பாடு எங்க வருது? பன்னியைக் கூட்டிட்டுப் போ."

"அப்ப பழசுக்கு வாங்கிக்கங்க."

"எந்தப் பழசு?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்? ஏரியைக் காலி பண்ணினது யாரு? சினை ஆமையைத் தடவிப் பாத்துத் தனிச் சாக்குல போட்டது யாரு? நீங்கதானே அண்ணே சாக்கைத் தூக்கிக்கிட்டுத் துறைமுகத்துக்கு வந்தீங்க."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. நிக்கோ சுண்ணாம்புக் குப்பியை மூடி, திறந்து, மறுபடி மூடினான்.

"அப்போ கட்டுப்பாடு இல்ல ஓர்பா. இல்லாத கட்டுப்பாட்டுக்கு எப்படி அபராதம் வாங்க? உன்கிட்ட வாங்கினா இங்க உக்காந்திருக்கிற எல்லாருகிட்டயும் வாங்கணும். என்கிட்டயும் வாங்கணும்."

"வாங்குங்களேன்."

நிக்கோ மூத்தவர் பக்கம் திரும்பினான். மூத்தவர் எருமை வழக்கு ஒன்றை எடுத்தார். ஓர்பா பன்றியைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வாங்கியிருந்தால் ஊர் கூடிச் சாப்பிட்டு, அத்தோடு தீர்ந்தது என்று கை கழுவியிருப்பார்கள். அவளும் ஒரு கவளம் சாப்பிட்டிருப்பாள். அதற்குத்தான் அவள் போனாள். எங்கள் ஊர் அவளுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. கூட்டத்தில் சிரித்த இரண்டு பேரில் நானும் ஒருவன்.

பிலிமோன் வாசலுக்கு மறுபக்கம் புது அடுப்பு கட்டினான். பழைய அடுப்பின் வாயை ஓர்பா களிமண்ணால் அடைத்தாள். சாம்பல் மேட்டை மட்டும் விட்டுவைத்தாள். அடுத்த மழை முடிகிற மாதம் தினமும் விடியலில் போய் அதைக் கையால் கிளறிப் பொலபொலவென்று ஆக்கிவிட்டு, பாதை வரை நடந்து தடம் பார்ப்பாள். கோழித் தடம், நாய்த் தடம், பிலிமோன் காலடி.

அந்த வருசம் களையெடுப்பின்போது ஒரு நாள் அவள் வயல் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். வலதுகாலின் கீழே உருண்டையாக, வழவழப்பாக ஒன்று. உடம்பின் எடையை இடதுகாலுக்கு மாற்றி, பாதத்தை லேசாக வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். வெயில் ஏறியது. வரப்பில் உட்கார்ந்திருந்த பிலிமோன் எழுந்து நின்றான்.

"என்னடி?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கல்லு."

"எடுத்து வீசு. இன்னொரு நாள் கால்ல இடிக்கும்."

ஓர்பா குனிந்தாள். சேற்றுக்குள் கையை விட்டு அதை ஒரு முறை முழுக்கத் தடவிப் பார்த்தாள். பின்னங்கால் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எடுக்காமல், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன்மேல் சேற்றை இழுத்து மூடினாள்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.